கரைச்சல் வேற, ஆக்கினை வேற

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன மாதம் லண்டனில இருக்கிற எங்கட வீட்டுக்கு ஹவுசிங்கில இருந்து, அதாவது எங்களுக்கு வீடு வாடகைக்குத் தந்த இடத்தில இருந்து, ஒரு லெட்டர் வந்தது. உங்கட வீட்டில அன்ரி சோஷல் பிஹேவியர் (மற்றவைக்குத் தொல்லை குடுக்கிற நடத்தை) நடக்குது எண்டு முறைப்பாடு வந்திருக்கு, இது தொடர்ந்தா உங்கட ரெனன்சிக்கு (வாடகை உரிமைக்கு) எதிரா நடவடிக்கை எடுக்கலாம் எண்டு எழுதியிருந்தது. என்ன நடந்தது, எந்த நாள், எத்தினை மணிக்கு, ஒண்டுமே இல்லை. போன் எடுத்து முக்கால் மணித்தியாலம் லைனில நிண்டாப் பிறகுதான் சொல்லிச்சினம், கீழ்வீட்டுக்காரருக்கு பின்னேரத்தில கால் சத்தம் கேக்குதாம். அது என்ர மகள், மூண்டு வயசு, நேர்சரியால வந்து ஹோலுக்கும் குசினிக்கும் ஓடித்திரியிறவள். லெட்டரை வாசிச்சுக் காட்டின நாளில இருந்து அம்மா பிள்ளையை சோபாவை விட்டு இறங்க விடேல்லை, ரெண்டு கிழமை, வீட்டைப் பறிச்சுப் போடுவாங்களோ எண்டு அவவுக்கு அவ்வளவு பயம்.

பிறகு நான் கீழ போய்க் கதைச்சனான். அந்த மனுசன் இரவு வேலை செய்யிறவர், பின்னேரம்தான் அவருக்கு நித்திரை. அவர் பொய் சொல்லேல்லை, லமினேட் தரையில பிள்ளை ஓடினா கீழ மேளம் அடிக்கிற மாதிரித்தான் கேக்கும், அவருக்கு அது உண்மையாவே கரைச்சல். ஆனா அவர் சொன்ன ஒரு விஷயம்தான் என்னை இந்தக் கடிதம் எழுத வச்சது. தான் அன்ரி சோஷல் எண்டு சொல்லவே இல்லையாம், ஒன்லைன் போர்மில சத்தத்துக்கு வேற பெட்டி இருக்கேல்லையாம், அதாலதான் அதில ரிக் பண்ணினவராம். ஒரு பெட்டி, அவ்வளவுதான், அதில இருந்து என்ர வீட்டுக்கு இந்தப் பேர் வந்திட்டுது.

நான் ஞாயிற்றுக்கிழமையில எங்கட ஆக்களுக்கு லெட்டர் வாசிச்சு போர்ம் நிரப்பிக் குடுக்கிறனான், அதால இந்த விஷயம் கொஞ்சம் தெரியும். இங்கிலாந்திலயும் வேல்ஸிலயும் அன்ரி சோஷல் பற்றி இப்ப இருக்கிற சட்டம் 2014ம் ஆண்டுச் சட்டம். அதில அன்ரி சோஷல் எண்டா என்ன எண்டு மூண்டு விதமா சொல்லியிருக்கு. ஒருத்தருக்கு ஆக்கினை, பயம், மனவேதனை குடுத்த அல்லது குடுக்கக்கூடிய நடத்தை ஒண்டு, ஒருத்தர் தன்ர வீட்டில இருக்கிறதுக்குத் தொல்லை தரக்கூடிய நடத்தை இன்னொண்டு, மூண்டாவது வீட்டு நிர்வாகத்தோட சம்பந்தப்பட்ட தொல்லை. வாசிச்சுப் பாத்தா விளங்கும், 'தரக்கூடிய' எண்ட சொல்லு சரியான அகலம், அதுக்குள்ள என்ர பிள்ளையின்ர காலும் அடங்கும், மிளகாய் வறுக்கிற மணமும் அடங்கும், செத்த வீட்டுக்கு வந்த இருபது காரும் அடங்கும். அதாலதான் முறைப்பாட்டைக் கையில எடுக்கிற ஆள் யோசிக்கோணும் எண்டு சொல்லுறன், சட்டத்தில சொல்லு இருக்கு எண்டு சொல்லி லெட்டரை அனுப்பினா எந்த வீடும் தப்பாது.

1999ல பிரபுக்கள் சபை, அப்ப அதுதான் இங்கத்தைய மேல் நீதிமன்றம், தீர்த்த ஒரு வழக்கு இருக்கு. லண்டனில சவுத்தாக்கிலயும் காம்டனிலயும் கவுன்சில் வீடுகளில இருந்த ஆக்கள், பக்கத்து வீட்டில நடக்கிறதெல்லாம் எங்களுக்குக் கேக்குது எண்டு கவுன்சிலுக்கு எதிராப் போனவை. அந்தக் கட்டடங்களில சத்தத்தைத் தடுக்க ஒண்டும் இல்லை எண்டது உண்மைதான். எண்டாலும் ஒரு மனுசன் தன்ர வீட்டில சாதாரணமா வாழுறது நியூசன்ஸ் (சட்டப்படி தொல்லை) ஆகாது எண்டுதான் தீர்ப்பு. அந்த ஆக்களுக்கு அது பெரிய ஏமாற்றமா இருந்திருக்கும், எனக்கு அவையளையும் விளங்குது. ஆனா பிழை சுவரில இருக்கேக்க அதை பக்கத்து வீட்டு மனுசரில போடுறது சரியில்லை எண்டதும் அதுக்குள்ள இருக்கு. 2022ல ஹவுசிங்குக்கு எதிரான முறைப்பாடுகளை விசாரிக்கிற ஹவுசிங் ஒம்பட்ஸ்மன் சத்தம் பற்றி ஒரு அறிக்கை விட்டவை, அதிலயும் இதைத்தான் சொன்னவை, அன்ரி சோஷல் இல்லாத சத்த முறைப்பாட்டுக்கு வேற வழிமுறை வையுங்கோ, எல்லாத்தையும் ஒரே வழியால கொண்டு போனா ரெண்டு பக்கத்துக்கும் அநியாயம் எண்டு. அது வந்து எவ்வளவு காலம், இன்னும் போர்மில ஒரு பெட்டிதான்.

இதை வாசிச்சிட்டு முறைப்பாடு குடுக்கிறது பிழை எண்டு நான் சொல்லுறன் எண்டு ஆரும் நினைக்க வேண்டாம். மற்றப் பக்கம் இதை விட மோசம். 2007ல லெஸ்டர்ஷயரில ஒரு தாய், பெடியள் கூட்டம் கனகாலமாக் குடுத்த ஆக்கினை தாங்க ஏலாமல், மாற்றுத்திறனாளியான தன்ர மகளோட உயிரை விட்டவ. அவ பொலிசுக்கு 33 தரம் சொல்லியிருந்தவ. ஒவ்வொரு தரமும் ஒரு சின்ன விஷயமாப் பாத்தவை, ஒண்டோட ஒண்டைச் சேத்துப் பாக்க ஒருத்தரும் இருக்கேல்லை. எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்காவுக்கும் இப்பிடித்தான், வாசலில குப்பையைக் கொட்டுறது, பிள்ளையளைப் பாத்து நாட்டுக்குப் போ எண்டு கத்துறது, அதை 'அயலவர் பிணக்கு' எண்டு எழுதி பைலை மூடிச்சினம். அது பிணக்கு இல்லை, அது இனத்துவேசம், ஹேட் கிரைம், உடன பொலிசுக்குப் போக வேண்டிய விஷயம். என்ர பிள்ளையின்ர கால் சத்தத்துக்குப் பெரிய பேர், அந்த அக்காவுக்கு நடந்ததுக்குச் சின்னப் பேர். ரெண்டு இடத்திலயும் பேர் வச்ச ஆள் ஒரு கேள்வியும் கேக்கேல்லை.

கேக்க வேண்டியது பெரிய வித்தை ஒண்டும் இல்லை. ஒருக்கா நடந்ததோ, திரும்பத் திரும்ப நடக்குதோ. என்ன நேரம், ஏனெண்டா பின்னேரம் ஐஞ்சு மணிச் சத்தமும் விடியப்பறம் ரெண்டு மணிச் சத்தமும் ஒண்டில்லை, 1996ம் ஆண்டுச் சத்தச் சட்டமே இரவு 11 மணியில இருந்து காலமை 7 மணி வரைக்கும் தனியாப் பாக்குது. தெரிஞ்சே செய்யினமோ, சொன்ன பிறகும் நிப்பாட்டேல்லையோ, ஒரு ஆளைக் குறி வச்சு நடக்குதோ. எல்லாத்தையும் விட எனக்குப் பெரிசாப் படுறது, அந்தச் சுவருக்கு அங்கால ஆர் இருக்கினம் எண்டது. இரவில கத்துறது மறதி வருத்தம் வந்த முதியவரா இருக்கலாம், ஓட்டிசம் உள்ள பிள்ளையா இருக்கலாம், அடி வாங்குற ஒரு பொம்பிளையா இருக்கலாம். கடைசி ஆளின்ர வீட்டுக்கு 'உங்கட சத்தம் அயலுக்குத் தொல்லை' எண்டு லெட்டர் போனா அண்டைக்கு இரவு அவவுக்கு என்ன நடக்கும் எண்டு நினைக்கவே நெஞ்சு பதறுது. அந்த வீட்டுக்குப் போக வேண்டியது உதவி.

எங்கட ஆக்களுக்கும் ரெண்டு விஷயம் சொல்லோணும், எங்களில கனபேர் ஒண்டில் வாயே திறக்காமல் பத்து வருஷம் தாங்கிக்கொண்டு இருக்கிறம், இல்லாட்டி முதல் நாளே பொலிசுக்கு அடிக்கிறம். ஆக்கினை எண்டா நடந்த உடன திகதி, நேரம், என்ன நடந்தது எண்டு எழுதி வையுங்கோ, தமிழில எழுதினாலும் காரியமில்லை, பிறகு மொழிபெயர்க்கலாம். அதோட, நடந்து ஒரு மாதத்துக்குள்ள சொல்லுங்கோ, ஏனெண்டா ஆறு மாதத்துக்குள்ள மூண்டு முறைப்பாடு குடுத்தும் சரியா ஒண்டும் நடக்கேல்லை எண்டா கேஸ் ரிவியூ, அதாவது என்ன செய்தவை எண்டு திரும்பப் பாக்கச் சொல்லிக் கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு, முந்திக் கொம்யூனிட்டி ட்ரிகர் எண்டு சொன்னது இதைத்தான். கவுன்சில், பொலிஸ், ஹவுசிங் எல்லாரும் ஒண்டா இருந்து அதைப் பாக்கோணும். நான் போர்ம் நிரப்பிக் குடுக்கிற ஆக்களில இது தெரிஞ்ச ஒருத்தரையும் இன்னும் காணேல்லை. உங்கட பேப்பரில இதைப் பற்றி விபரமா ஒரு பக்கம் போட்டா கனபேருக்கு உதவியா இருக்கும்.

எங்கட வீட்டில இப்ப ஹோல் முழுக்கத் தடிப்பான கார்ப்பெட் போட்டாச்சு, பின்னேரம் ஐஞ்சு மணி வரைக்கும் பிள்ளையை பார்க்குக்குக் கூட்டிக்கொண்டு போறம், கீழ்வீட்டுக்காரரும் தன்ர முறைப்பாட்டை வாபஸ் வாங்கிறதா எழுதிக் குடுத்திட்டார். ஆனா எங்கட பைலில அந்த 'அன்ரி சோஷல்' எண்ட சொல்லு அப்பிடியே கிடக்குது. அதை எடுக்கச் சொல்லி ஹவுசிங்குக்கு எழுதி மூண்டு கிழமை ஆச்சு, பதில் இன்னும் வரேல்லை. வந்தா அதையும் உங்களுக்கு எழுதுறன்.

நன்றி.
இப்படிக்கு,
லண்டனில இருந்து ஒரு வாசகர்