உத்தரவாதம் மறுக்கப்பட்ட புல்வெட்டும் இயந்திரம்: புகார் கடிதம்

பெறுநர்
மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: ஸ்டார்ட் ஆகாத இன்ஜினுக்குப் ‘பழைய பெட்ரோல்’ என்று தவறான காரணம் காட்டிக் கட்டணம் வசூலித்தது

ஐயா / அம்மையீர்,

உங்கள் நிறுவனத் தயாரிப்பான, கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் புல்வெட்டும் இயந்திரம் வாங்கியதிலிருந்தே மக்கர் செய்கிறது. உங்கள் அங்கீகாரம் பெற்ற பணிமனையில் கார்புரேட்டரைச் சுத்தம் செய்து, ஸ்பார்க் பிளக்கை மாற்றிக் கொடுத்தார்கள். பழுது அப்படியேதான் இருக்கிறது. வேலைச் சீட்டில் ‘எரிபொருள் பழையது, உத்தரவாதம் பொருந்தாது’ என்று எழுதி, இரண்டு வேலைக்கும் பணம் வாங்கிக்கொண்டார்கள்.

கயிற்றை ஒருமுறை இழுத்துப் பார்த்திருந்தாலே அப்படி எழுதியிருக்க மாட்டார்கள். பாதி இழுப்பில் கயிறு இறுகி நிற்கிறது. சில சமயம் கைப்பிடியை விரலிலிருந்து வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடுகிறது. பெட்ரோல் கெட்டுப்போனால் கார்புரேட்டரின் சின்ன எரிபொருள் துளையான பைலட் ஜெட் அடைபடும், இன்ஜின் பிடிக்காது, பிடித்தாலும் திணறி நிற்கும். ஆனால் கயிறு இறுகாது. பெட்ரோலைப் பொறுத்தவரை, கார்புரேட்டர் கிண்ணத்திலிருந்து கண்ணாடி பாட்டிலில் வடித்துப் பார்த்தாயிற்று: அடியில் தண்ணீர் தங்கவில்லை, பிசினும் இல்லை, புளித்த வாடையும் இல்லை.

பிளக்கைக் கழற்றிவிட்டு இழுத்தால் கயிறு லேசாக வருகிறது. அப்படியானால் பிளேடு பிரேக்கோ பேரிங்கோ பிடிக்கவில்லை. சிலிண்டரில் அடைபடும் அழுத்தம்தான் தடுக்கிறது. ஃப்ளைவீல் கீ (சுழல் சக்கரத்தைத் தண்டோடு பூட்டும் சின்னத் துண்டு) வெட்டுப்பட்டிருந்தால் தீப்பொறி நேரம் தவறி விழுந்து கயிறு திருப்பி அடிக்கும் என்பதால், அதையும் கழற்றிப் பார்க்கச் சொன்னேன். கீ முழுசாக இருக்கிறது. பிளேடு போல்ட்டும் இறுக்கமாகவே இருக்கிறது. பிளேடு தளர்ந்தாலும் கயிறு இப்படி உதைக்கும்.

மிச்சம் இருந்தது வால்வு இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே விடும் சந்து. இன்ஜின் குளிர்ந்த நிலையில், பிஸ்டனை அழுத்த வீச்சின் உச்சிக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து சுமார் 6 மி.மீ. கீழே இறக்கி நிறுத்தி, உங்கள் மெக்கானிக் முன்னிலையில் ஃபீலர் கேஜ் (மெல்லிய அளவுத் தகடுகள்) வைத்து அதை அளந்தோம். இன்டேக் 0.15 மி.மீ., சரி. எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும் வால்வு) 0.40 மி.மீ.! உங்கள் கையேட்டில் இருப்பது 0.20. ஸ்டார்ட் செய்யும்போது அழுத்தத்தைக் குறைக்கும் நெம்பு ஒன்று உச்சிக்கு அருகில் வால்வைத் தொட்டுக்கொண்டிருக்கும், அங்கே அளந்தால் கணக்கு தப்பும். அதனால்தான் அந்த 6 மி.மீ. இறக்கம்.

இந்த இன்ஜினில் கயிறு இழுக்கும் வேகத்தில் காம்ஷாஃப்டில் (வால்வுகளைத் திறக்கும் தண்டில்) உள்ள அந்தச் சின்ன நெம்புதான் எக்ஸாஸ்ட் வால்வை மயிரிழை அளவு தூக்கி, அழுத்தத்தில் கொஞ்சத்தை வெளியே விடுகிறது. இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அது ஒதுங்கிக்கொள்ளும். தூக்குவதே அவ்வளவு கொஞ்சம் என்னும்போது, டேப்பட் இடைவெளி (மேலே அளந்த அதே வால்வு இடைவெளி) அளவுக்கு மேல் இருந்தால் அந்தத் தூக்கல் இடைவெளியிலேயே கரைந்துபோகிறது. வால்வு திறப்பதே இல்லை. முழு அழுத்தத்தையும் எதிர்த்துக் கை இழுக்க வேண்டியிருக்கிறது. வேகம் போதாமல் பிஸ்டன் உச்சியைத் தாண்டுவதற்குள் தீப்பொறி விழுந்துவிட்டால் கயிறு உதைக்கிறது. இந்த அளவீட்டை மெக்கானிக் கண்ணால் பார்த்தார். வேலைச் சீட்டில் மட்டும் அது ஏறவே இல்லை.

இன்னொரு குறையும் இருக்கிறது, சின்னதுதான். கைப்பிடி நெம்பை ‘சோக்’ வரை தள்ளினாலும் சோக் தகடு முழுதாக மூடாமல் ஏறத்தாழ 3 மி.மீ. திறந்தே நிற்கிறது. கேபிள் கிளாம்ப் தளர்வாகப் பொருத்தப்பட்டிருக்கிறது. கார்புரேட்டர் பக்கமுள்ள சோக் நெம்பைக் கையால் முழுக்க மூடிப் பிடித்தால் குளிர்ந்த இன்ஜின் பிடித்துக்கொள்கிறது, உதை மட்டும் போகவில்லை. கிளாம்ப் திருகைத் தளர்த்தி, கேபிள் உறையை நகர்த்தி முடுக்கினால் முடிந்துபோகும் வேலை இது. கார்புரேட்டரையே கழற்றிய பணிமனைக்கு இது எப்படிக் கண்ணில் படவில்லையோ!

இரண்டுமே தொழிற்சாலையில் பொருத்தும்போது நேர்ந்த பிழைகள். பயன்படுத்தியவர் மேல் பழி போட இதில் எதுவும் இல்லை. எனவே:

எக்ஸாஸ்ட் டேப்பட்டை 0.20 மி.மீ.க்கு வைத்து, லாக் நட்டை முடுக்கிய பிறகு மறுபடி அளந்து தர வேண்டும் (முடுக்கும்போது அளவு நகரும்). சோக் கேபிளைச் சரிசெய்ய வேண்டும். உதைத்து உதைத்து நைந்துபோன ஸ்டார்ட்டர் கயிற்றையும், அதன் ரிவைண்ட் ஸ்பிரிங்கையும் கட்டணமின்றி மாற்ற வேண்டும். கார்புரேட்டர், பிளக் வேலைக்கு வாங்கிய தொகையைத் திருப்பித் தந்து, வேலைச் சீட்டில் எழுதிய காரணத்தைத் திருத்த வேண்டும். பின்னால் வேறு பழுது வந்தால் அந்த ஒற்றை வரியைக் காட்டியே உத்தரவாதத்தை மறுபடி மறுப்பீர்கள் என்பதால் இதில் விட்டுக்கொடுக்க முடியாது.

இதே தொகுதியில் வெளிவந்த மற்ற இயந்திரங்களின் டேப்பட்டையும் பார்த்துவிடுங்கள். கையேட்டின் பழுதுநீக்கும் பக்கத்தில் பெட்ரோல், பிளக், ஏர் ஃபில்டர் மூன்றுதான் இருக்கின்றன. ‘கயிறு இறுகுகிறது அல்லது உதைக்கிறது’ என்று தனியாக ஒரு வரி சேர்த்து, எதிரே வால்வு இடைவெளி, ஃப்ளைவீல் கீ, பிளேடு போல்ட் மூன்றையும் போடுங்கள்.

பதிலை எழுத்து மூலம் அனுப்பவும். தொலைபேசியில் ‘புது பெட்ரோல் ஊற்றிப் பாருங்கள்’ என்ற பதிலை ஏற்க மாட்டேன்.

இப்படிக்கு,
இயந்திரத்தின் உரிமையாளர்

இணைப்பு: வேலைச் சீட்டின் நகல், ரசீதுகள், ஃபீலர் கேஜ் அளவீட்டின் படம், சோக் தகடு பாதி மூடி நிற்கும் படம்