மாதிரிப் பீரங்கியைச் சுடுவதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்களுக்குப் பக்கத்து ஊர் சனசமூக நிலையத்தின் ஆண்டு விழாவுக்காக, ஒல்லாந்தர் காலத்துப் பீரங்கியைப் போல ஒன்றை இளைஞர்கள் செய்வித்திருக்கிறார்கள். யாழ்ப்பாணக் கோட்டையின் வரலாற்றைச் சின்னப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்ற அவர்களின் ஆசை நல்ல ஆசை. ஆனால் விழாவன்று கருமருந்து இட்டு அதைச் சுடப்போகிறார்களாம். பாதுகாப்பைப் பற்றிக் கேட்டால், "ஏற்கெனவே சுட்டுப் பார்த்தாச்சு, ஒன்றும் நடக்கவில்லை" என்கிறார்கள். கடைசல் பட்டறையில் காலம் கழித்தவன் என்பதால் அந்தப் பதில் எனக்குப் பயத்தைத்தான் தருகிறது.

விரிசல் விட்ட பானையிலும் சில நாள் தண்ணீர் நிற்கும். வார்ப்பிரும்பும் அப்படித்தான். வெண்கலமோ நல்ல உருக்கோ என்றால் பெரும்பாலும் முதலில் வீங்கிக் காட்டும். வார்ப்பிரும்பு வீங்காது, வளையாது, நேரே துண்டு துண்டாகச் சிதறும். உள்ளே மயிரிழை அளவில் ஒரு வெடிப்பு இருந்தால் ஒவ்வொரு முறை சுடும்போதும் அது கொஞ்சம் கொஞ்சமாக நீளும். வெளியே இருந்து பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. 1844 பெப்ரவரி 28 அன்று அமெரிக்காவின் 'பிரின்ஸ்டன்' போர்க்கப்பலில் விருந்தினருக்குக் காட்டுவதற்காகச் சுட்ட பெரிய பீரங்கி வெடித்து, வெளிநாட்டமைச்சர் அப்ஷர், கடற்படை அமைச்சர் கில்மர் உட்பட ஆறு பேர் இறந்தார்கள். அது வார்ப்பிரும்புகூட அல்ல, அடித்து உருவாக்கிய இரும்பு. அதே நாளில் சற்று முன்னர் சுட்டபோது ஒரு குறையும் தெரியவில்லை.

ஆகவே எத்தனை தரம் சுட்டோம் என்ற கணக்கு உதவாது. அது எதனால், எப்படிச் செய்யப்பட்டது என்பதைத்தான் பார்க்க வேண்டும். பெயின்ற் பூசி மினுக்கிய வெளித்தோற்றம் அதைச் சொல்லாது. பழைய இரும்பை உருக்கி மண் அச்சில் ஊற்றினால் உள்ளே காற்றுக் குமிழ்கள் தங்கும். அலங்காரத்துக்கு அது போதும், சுடுவதற்குப் போதாது. வார்ப்பிரும்புக் குழல் என்றால் அதனுள்ளே பொருத்து இல்லாத உருக்குக் குழாய் இறக்கியிருக்க வேண்டும். அமெரிக்காவில் மாதிரிப் பீரங்கி சுடும் குழுக்கள் அந்தக் குழாய்க்குக் குறைந்தது 3/8 அங்குலத் தடிப்புக் கேட்கின்றன. மருந்து நிற்கும் அடிப்பகுதியில் சுவரின் தடிப்பு துவாரத்தின் விட்டத்துக்குக் குறையக்கூடாது என்பது இன்னொரு விதி. துவாரம் 2 அங்குலம் என்றால் அந்த இடத்தில் வெளிவிட்டம் 6 அங்குலமாவது இருக்க வேண்டும். தண்ணீர் பைப்பை எடுத்து, பின்பக்கத்தில் மூடியைத் திருகியோ மேலோட்டமாக வெல்டிங் பிடித்தோ செய்த ஒன்றைப் பீரங்கி என்று சொல்லவே கூடாது. அது வெடிகுண்டு. பின்னடைப்பு, அதாவது குழலின் பின்பக்க மூடி, எப்படிப் பொருத்தப்பட்டது என்று செய்தவரால் சொல்ல முடியாவிட்டால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

கடலில் இருந்து எடுத்த பழைய பீரங்கிகளைச் சுடலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். கூடவே கூடாது. உப்புநீரில் நெடுங்காலம் கிடந்த வார்ப்பிரும்பில் இரும்பு கரைந்துபோய், உருவம் மட்டும் மென்மையான கரியாக நிற்கும். கத்தியால் சுரண்டினாலே தெரியும்.

அடுத்தது மருந்து. என்னை மிகவும் கலங்க வைப்பது இதுதான். கருமருந்து என்பது வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10 என்ற அளவில் சேர்ந்த கலவை. விழாக்களுக்கு வாங்கும் வெடிகளைப் பிரித்துக் கொட்டினால் கிடைக்கும் வெள்ளித்தூள் அதுவல்ல. அலுமினியம் கலந்த அந்தத் தூள் கருமருந்தைவிடப் பல மடங்கு வேகமாக எரியும். நல்ல பீரங்கியையே அது உடைத்துவிடும். துவக்குத் தோட்டாவில் இருக்கும் புகையற்ற மருந்தும் ஆகாது. மருந்து கிடைக்காதபோது "இருக்கிறதைப் போடுவோம்" என்று யாராவது ஒருவர் சொல்லும் கணம்தான் ஆபத்தானது.

"குண்டு போடப்போவதில்லை, சத்தத்துக்கு மட்டும்தானே" என்பது இன்னொரு சமாதானம். குண்டில்லாவிட்டால் அமுக்கம் குறையும், உண்மை. ஆனால் சத்தம் கூடட்டும் என்று ஈரக் காகிதத்தையும் துணியையும் இறுக்கி அடைத்தால் அமுக்கம் மறுபடி ஏறும். முதற் சூட்டுத் தணல் உள்ளே கிடக்க, ஈரத்துணியால் துடைக்காமல் மறுபடி மருந்து இட்டவர்கள் கையை இழந்திருக்கிறார்கள்.

இங்கிலாந்தில் லண்டனிலும் பேர்மிங்காமிலும் துப்பாக்கிக் குழல்களைச் சோதித்து முத்திரை குத்துவதற்கென்றே நிலையங்கள் இருக்கின்றன. வழமையைவிடக் கூடுதல் மருந்திட்டுச் சுட்டு, பின்னர் குழலில் வீக்கமோ வெடிப்போ உண்டா என்று பார்ப்பார்கள். பார்க்காமல் விட்டால் அந்தச் சூடே புதிய வெடிப்பை உண்டாக்கிவிட்டுப் போகலாம். இளைஞர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ் பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் இருக்கிறது. அங்குள்ளவர்களிடம் குழலைக் காட்டி அபிப்பிராயம் கேட்கட்டும். கருமருந்து வைத்திருப்பதற்கு 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டம் இருக்கிறது. அனுமதி இல்லாமல் அதைத் தொடவே கூடாது. எங்கள் மண்ணில் திடீர்ச் சத்தம் கேட்டால் இன்னமும் நடுங்கும் முதியவர்கள் எத்தனையோ பேர். அயலவருக்கு முன்கூட்டியே சொல்வதும் அவசியம்.

இந்த ஆண்டு அந்தப் பீரங்கியை வாசலில் வைத்து, பக்கத்தில் கோட்டையின் கதையை எழுதி வைத்தால் போதும். விழாவைத் தொடக்கத் தவிலும் நாதஸ்வரமும் இருக்கின்றன. உலோகம், பின்னடைப்பு, சுவர்த் தடிப்பு மூன்றையும் செய்தவர் எழுத்தில் தந்து, பொறியியலாளர் ஒருவர் பார்த்துக் கையெழுத்திடும்வரை யாரும் அதற்குத் திரி வைக்க வேண்டாம் என்று தங்கள் பத்திரிகை வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கடைசல் தொழிலாளி,
கொக்குவில்.