நியூசிலாந்தின் ஒட்டாகோவிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்கு வேலைதான் காரணம். அம்மா வேறு எதையும் நினைத்துக் கலங்க வேண்டாம். நான் ரைஃபிளுக்கு, வெடிச்சத்தத்தைக் குறைக்கும் சைலன்சர் வாங்கப்போவதாகத் தங்கை சொன்னதைக் கேட்டு அஞ்சியிருக்கிறீர்கள். நியூசிலாந்தில் துப்பாக்கி உரிமம் உள்ளவர் அதைக் கடையில் வெளிப்படையாக வாங்கலாம்; புல்வெளியை அழிக்கும் முயல்களைச் சுடப் பண்ணைக்காரர்கள் பலரும் அதை மாட்டியிருக்கிறார்கள்.

எனக்கு நினைவுக்கு வருவது தாத்தாவின் கேளாத இடது காதுதான். வலது தோளில் வைத்துச் சுடுபவருக்கு இடது காதே குழல் முனைப் பக்கம் இருக்கும். இந்த .223 ரகத் தோட்டா போடும் ரைஃபிளின் வெடி சுமார் 160 டெசிபல். சைலன்சர் அதில் 20 முதல் 30 வரை குறைக்கும். குண்டு ஒலியைவிட வேகமாகப் பாய்வதால் எழும் வெடிப்போசை குறையாமல் இருக்கும் என்பதால் காதடைப்பானையும் நான் கழற்றுவதில்லை.

எப்படி மாட்டுவது என்பதில்தான் யோசனை. குழல் முனையிலுள்ள மரையில் நேரே திருகிவிடலாம். அல்லது முனையில் ஓர் இணைப்பை நிரந்தரமாகப் பொருத்தி, அதன்மேல் சைலன்சரைப் பூட்டி நொடியில் கழற்றலாம். இரண்டு மூன்று ரைஃபிள்களுக்கு ஒரே சைலன்சரை மாற்றுபவருக்குப் பின்னது உகந்தது. ஆனால் எடையும் விலையும் கூடும், கரி படிந்தால் பூட்டு இறுகிக்கொள்ளும். நேரே திருகுவதில் சைலன்சரின் அடி, குழலில் மரை முடியும் விளிம்பில் முழுமையாகப் படிந்து அமரும். சூட்டில் தளர்கிறதா என்று மட்டும் அடிக்கடி பார்க்க வேண்டும். கோணல் சிறிதிருந்தாலும் குண்டு சைலன்சருக்குள் இருக்கும் தகடுகளில் மோதிவிடும். ஆகையால் பக்கத்துப் பண்ணைப் பெரியவர், யாரிடமும் பேசாமல் இங்கே எங்கள் கேட்டில் முயலிறைச்சியைத் தொங்கவிட்டுப் போவாரே அவர்தான், குழலுக்குள் நேரான கம்பியைச் செலுத்தி, அது சைலன்சரின் துளை நடுவே வெளிவருகிறதா என்று காட்டிக்கொடுத்தார். உறைபனியில் விரல் மரத்துப்போகும்போது திருகிக் கழற்றுவது கடினமே. ஆனாலும் என்னிடம் இருப்பது ஒரே ரைஃபிள். மாட்டியபடியே குறி சரிபார்த்துக் கழற்றாமல் வைத்துக்கொள்வேன் என்பதால் நேரே திருகுவதையே முடிவு செய்தேன். விலையைப் பார்த்துச் செய்த முடிவு அல்ல. இம்மாதப் பணம் சற்றுத் தாமதமானாலும் வேறு எதுவும் எண்ண வேண்டாம்.

இங்கே ஆடி மாதம் என்பது கடுங்குளிர். சேலத்தில் கோட்டை மாரியம்மன் பண்டிகை தொடங்கியிருக்கும். அம்மா மாவிளக்கு எடுக்கும்போது உடன் நிற்க யார் இருக்கிறார்கள்? இரவில் கொட்டகையை அடைத்துவிட்டு வரும்போது, ஏற்காட்டுத் தோட்டத்தில் உலர்களத்துக் காப்பிக்கொட்டையின் மணம் வருவதுபோல் தோன்றி அங்கேயே நின்றுவிடுகிறேன்.

தாத்தாவின் துப்பாக்கி விஷயத்தில் மட்டும் தாமதம் கூடாது அப்பா. உரிமம் அவர் பெயரில் இருந்தது. அவர் காலமான பின் அது வீட்டில் இருப்பது சட்டப்படி தவறு. காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வாரிசு என்ற முறையில் உரிமம் கேட்பதா என்பதைச் சித்தப்பாவோடு பிறகு பேசலாம். தோட்டத்துக்குள் வரும் காட்டெருமையை நாமாகச் சுட உரிமை இல்லை; அதற்காகத் துப்பாக்கி வேண்டும் என்று சித்தப்பா சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம். தங்கையின் கல்லூரிக் கட்டணம் எந்தத் தேதிக்குள் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மகன்