அஜந்தாவின் தாயை விட்டுவிட்டீர்களே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓவியங்களில் தாயும் சேயும் பற்றிய கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். ரஃபேலின் மடோனா, ரவிவர்மாவின் யசோதையும் கண்ணனும், ஜாமினி ராயின் அகன்ற கண் தாய் என்று எல்லாமே அருமையான தேர்வு. ஆனால் அஜந்தாவின் 17ஆம் குகைத் தாய் இல்லையே என்று மனசு ஆறவில்லை.

கருவறைக்கு முன்னால் உள்ள சிறு கூடத்தின் சுவரில், 5ஆம் நூற்றாண்டில் தக்காணத்தை ஆண்ட வாகாடக மன்னர்கள் காலத்தில் தீட்டிய ஓவியம் அது. ஞானம் பெற்றுச் சொந்த ஊரான கபிலவஸ்துவுக்குத் திரும்பிய புத்தர் பிட்சைப் பாத்திரத்தோடு நிற்கிறார். மிகப் பெரிய உருவம். அவர் முன்னால் மனைவி யசோதரையும் மகன் ராகுலனும் அவ்வளவு சிறியவர்களாக அண்ணாந்து பார்க்கிறார்கள். தாயின் கை பிள்ளைமேல் இருக்கிறது. முன்னால் போ என்று தள்ளும் கையா, விட மனமில்லாமல் பிடித்திருக்கும் கையா? அங்கே நின்று வெகு நேரம் பார்த்தும் என்னால் சொல்ல முடியவில்லை.

கதை உங்களுக்குத் தெரியும். "அப்பாவிடம் உன் சொத்தைக் கேள்" என்று தாய்தான் மகனை அனுப்புகிறாள். அவரோ அவனைத் துறவியாக்கிவிடுகிறார். பிள்ளைப் பாசம் தோலையும் சதையையும் அறுத்துக்கொண்டு எலும்பின் மஜ்ஜை வரை போகிறது என்று தாத்தா சுத்தோதனர் கலங்கியதைப் பௌத்தத் துறவிகளின் விதிநூலான விநய பிடகம் சொல்கிறது. பெற்றோர் சம்மதம் இல்லாமல் இனி எந்தப் பிள்ளைக்கும் துறவு தரக் கூடாது என்ற விதி வந்ததும் அவர் கேட்டுக்கொண்டதால்தான். ஆனால் அந்த இடத்தில் பெற்றவள் என்ன பட்டாள் என்று ஒரு வரி கிடையாது. ஏட்டில் இல்லாததை அந்தப் பெயர் தெரியாத ஓவியர் சுவரில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

நீங்கள் வெளியிட்ட படங்களில் பெரும்பாலும் பிள்ளை தாயின் மடியிலோ இடுப்பிலோதான் இருக்கிறது. பிள்ளையைக் கையைவிட்டு அனுப்பும் தாயும் தாய்தானே?

அடுத்த இதழிலாவது இந்தப் படத்தைப் போடுங்கள். சின்னக் கட்டத்தில் வேண்டாம், முழுப் பக்கத்தில் போடுங்கள். சுருக்கினால் புத்தரின் உயரமும் தெரியாது, அந்தக் கையும் தெரியாது.

அன்புடன்,
ஒரு நெடுநாள் வாசகி,
மதுரை