அந்த ஏழு பெயர்களையும் எழுதுங்கள்

அதிபர் அருட்தந்தை அவர்களுக்கும், செய்திமடலுக்குப் பொறுப்பான ஆசிரியர்களுக்கும், பழைய மாணவர் சங்க நிர்வாகக் குழுவினருக்கும்,

அன்பு வணக்கம்.

நம் கல்லூரியில் தமிழ் மொழிமூலம் கற்று உயர்தரம் வரை வந்தவன் நான். இன்று என் மகனும் அதே கட்டடத்தில், தமிழ் வகுப்பொன்றில், பத்தாம் தரத்தில் படிக்கிறான். கல்லூரியின் பெயரை இம்மடலில் நான் எழுதவில்லை. சிங்களமும் தமிழும் ஆங்கிலமும் ஒரே கூரையின்கீழ் கற்பிக்கப்படும் கொழும்பின் வேறு பாடசாலைகளிலும், தமிழ்ப் பிரிவின் வெற்றிகள் செய்திமடலில் உரிய இடம் பெறாத இக்குறை இருக்கக்கூடும் என்பதால், ஒரு வாசலில் மட்டும் அதைக் கொண்டுபோய்ப் போட எனக்கு மனமில்லை.

கடந்த தவணைச் செய்திமடலில் பதினைந்து வயதுக்குட்பட்ட துடுப்பாட்ட அணியின் வெற்றிக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கப்பட்டிருந்தது. யார் எத்தனை ஓட்டங்கள் எடுத்தார், எந்த ஓவரில் ஆட்டம் திரும்பியது, எல்லைக்கோட்டருகே பந்தைப் பிடித்தவர் யார் என்பதெல்லாம் அதில் இருந்தன. மகிழ்ச்சியோடுதான் வாசித்தேன், அந்தப் பிள்ளைகள் அதற்குத் தகுதியானவர்கள். அதே மடலின் கடைசிப் பக்கத்தில் ஒரு சிறிய படமும் அதன் கீழே ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரியும் இருந்தன. தமிழ்மொழித் தினப் போட்டியில் நமது வில்லுப்பாட்டுக் குழு மாகாண மட்டத்தில் முதலிடம் பெற்றது என்பது அந்த வரி. படத்தில் ஏழு மாணவர்கள் நின்றார்கள். ஒருவருடைய பெயரும் இல்லை. பயிற்றுவித்த ஆசிரியையின் பெயரும் இல்லை. என்ன கதையைப் பாடினார்கள் என்பதும் இல்லை. அவர்களில் ஒருவன் என் மகன். எழுபத்தெட்டு வயதான என் தாயார், தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரிந்தவர், மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பேரனின் பெயரை அந்தப் பக்கம் முழுவதும் விரலால் தேடினார். பிறகு என்னைப் பார்த்து, "எங்க போட்டிருக்கு தம்பி?" என்று கேட்டார்.

அந்த வெற்றி எவ்வளவு பெரியது என்பது தமிழ்ப் பிரிவுக்கு வெளியே பலருக்குத் தெரியாது என நினைக்கிறேன். பேச்சு, பாவோதல், எழுத்தாக்கம், விவாதம், நாடகம், வில்லுப்பாட்டு என்று கல்வியமைச்சு நடத்தும் இப்போட்டிகளில், பாடசாலையில் வென்றவர்கள் கோட்டம், வலயம், மாகாணம் என ஒவ்வொரு படியாக ஏறித்தான் தேசிய மட்டத்தை அடைய முடியும். இடையில் ஒரு படி தவறினாலும் அந்த ஆண்டு அத்தோடு முடிந்துவிடும். நம் பிள்ளைகள் ஏறத்தாழ நான்கு மாதங்கள், பாடசாலை விட்ட பிறகு, மின்விசிறி வேலை செய்யாத ஓர் அறையில் ஒத்திகை பார்த்தார்கள். வில்லும் உடுக்கும் கடன் வாங்கியவை. குடத்தை மட்டும் கொட்டாஞ்சேனைச் சந்தையில் ஒரு தந்தை வாங்கிக் கொடுத்தார். அவர்கள் எடுத்துக்கொண்ட கதை, தென்னிந்தியாவிலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்த தோட்டத் தொழிலாளரின் கதை. அந்த வருகையின் இருநூறாவது ஆண்டான 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் மீண்டும் நடந்தே சென்று அதை நினைவுகூர்ந்தார்கள் அல்லவா? அச்செய்தியைப் பார்த்த பிறகுதான் பிள்ளைகளுக்கு இந்த எண்ணம் வந்தது. ஏழு பேரில் மூவருடைய பாட்டன் பாட்டிமார் ஹட்டன் பக்கத்துத் தோட்டங்களில் கொழுந்து பறித்தவர்கள். தம் குடும்பத்தின் கதையைத் தாமே எழுதி மெட்டமைத்து மேடையில் பாடி வென்ற பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு வரி போதாது, அருட்தந்தையே.

துடுப்பாட்டத்தைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. அதனிடம் நாம் கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது என்பதே நான் சொல்ல வந்தது. மருதானையில் 1896இல் தொடங்கிய புனித சூசையப்பர் கல்லூரியின் பழைய மாணவரான சமிந்த வாஸ், 2001 டிசம்பர் 8ஆம் திகதி கொழும்பு எஸ்.எஸ்.சி. மைதானத்தில் சிம்பாப்வே அணியின் 8 விக்கெட்டுகளை 19 ஓட்டங்களுக்கு வீழ்த்தினார்; ஒருநாள் போட்டிகளில் இன்றும் அதுவே ஆகச் சிறந்த பந்துவீச்சுப் பெறுதி. அதே கல்லூரியிலிருந்து வந்து, 2022இல் பத்தொன்பது வயதுக்குட்பட்ட தேசிய அணிக்குத் தலைமை தாங்கிய துனித் வெல்லாலகே, மறு ஆண்டு செப்டெம்பரில் ஆசியக் கிண்ணப் போட்டியொன்றில் இந்தியாவின் 5 விக்கெட்டுகளை 40 ஓட்டங்களுக்குக் கைப்பற்றினார். இவற்றை நான் நினைவிலிருந்து எழுத முடிகிறதென்றால், ஒவ்வொரு பந்தையும் குறித்துவைக்க மைதானத்தின் ஓரத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தார் என்பதுதான் காரணம். நம் கல்லூரியின் பதின்மூன்று வயதுக்குட்பட்ட அணிக்கும் அப்படியொரு பதிவாளர் இருக்கிறார். தமிழ் மன்றத்துக்கு இல்லை. நான் படித்த காலத்தில் விவாதத்தில் வென்றவர்கள் யார் என்று இன்று கல்லூரியில் கேட்டால் சொல்வதற்கு ஒருவரும் இல்லை. ஆனால் அதே ஆண்டின் துடுப்பாட்டப் புள்ளிகளை ஐந்து நிமிடத்தில் எடுத்துக் காட்டுவார்கள்.

நான் இருபத்திரண்டு ஆண்டுகளாக ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பவன். பாடசாலை ஆண்டு மலர்கள் பல என் மேசையைக் கடந்து போயிருக்கின்றன. தமிழ்ப் பக்கங்கள் கடைசியில்தான் வரும், கடைசி நேரத்தில்தான் வரும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சான பகுதியை யூனிகோடுக்கு மாற்றாமலே பக்கத்தில் ஒட்டிவிடுவார்கள். கொம்பு ஓரிடத்திலும் எழுத்து வேறோரிடத்திலும் கிடக்கும், சில வேளைகளில் பக்கம் முழுவதும் வெறும் குறிகளாகிவிடும். பெயர்களின் நிலை இன்னும் மோசம். நம்மவர்களுக்குத் தந்தையின் பெயரே முதலெழுத்தாக நிற்பதால், அதை விட்டுவிட்டால் ஒரே வகுப்பில் ஒரே பெயருடைய இருவரில் பரிசு பெற்றவர் யார் என்று தெரியாமல் போகும். ஆங்கிலத்திலிருந்து திருப்பி எழுதும்போது லகரமும் ளகரமும் ழகரமும் இடம் மாறிவிடுகின்றன. பரிசுச் சான்றிதழில் தன் பெயர் பிழையாக இருப்பதைப் பார்த்த பிள்ளை அதை வீட்டில் எவருக்கும் காட்டுவதில்லை.

உயர்தரப் பெறுபேறுகளைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். மூன்று பாடங்களிலும் ஏ பெற்றவர்களின் படங்களை மட்டுமே நாம் வெளியிடுகிறோம். பெரும்பாலான பாடநெறிகளில் பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும் 55 வீதம் மாவட்டங்களுக்கும் 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் பகிரப்படுகிறது. கொழும்பு மாவட்டத்தில் வெட்டுப்புள்ளி உயர்வாக இருப்பதால், நல்ல பெறுபேற்றோடும் வெளியே நிற்கும் பிள்ளைகள் நம்மிடம் உண்டு. அவர்களும் நம் கல்லூரியின் செய்திதான்.

இந்தக் கோரிக்கை நம் கத்தோலிக்க மரபுக்கு அந்நியமானதன்று. புனித ஜோன் பப்டிஸ்ட் டி லா சால், பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சில் ஏழைச் சிறுவர்களுக்குப் பள்ளிகளைத் தொடங்கியபோது, அக்கால வழக்கப்படி இலத்தீனில் வாசிப்பைத் தொடங்காமல், அவர்கள் வீட்டில் பேசிய பிரெஞ்சிலேயே தொடங்கினார். திருச்சபை 1950இல் ஆசிரியர்களின் பாதுகாவலராக அறிவித்தது அவரைத்தான். கொச்சிக்கடை அந்தோனியார் திருத்தலத்தில் தமிழரும் சிங்களவரும் அவரவர் மொழியில் மன்றாடுகிறார்கள். புனிதர் எவருக்கும் மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டதில்லை. 1960இன் இறுதியில், அரச நிதியுதவி பெற்றுவந்த பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியபோது, கத்தோலிக்கப் பெற்றோர் பல பாடசாலைகளுக்குள் இரவு பகலாகத் தங்கிக் காவலிருந்தார்கள். அவர்களுக்காகச் சோற்றுப் பொதிகளைச் சுமந்து சென்றதை என் பாட்டி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கும் தமிழ் மட்டுமே தெரியும்.

ஆகவே, செய்திமடல் வெளிவரும் அதே நாளில் அதன் தமிழ் வடிவமும் வெளிவர வேண்டும் என்று கேட்கிறேன். ஆங்கிலத்தின் சுருக்கமாக அது இருக்கக் கூடாது. தமிழ்ப் பிரிவின் நிகழ்வுகள் முதலில் தமிழிலேயே எழுதப்பட வேண்டும். ஒவ்வொரு போட்டிக்கும் குழுவோடு ஒரு மாணவரைப் பதிவாளராக அனுப்புங்கள். பங்குபற்றியோர், ஆக்கத்தின் பொருள், பயிற்றுவித்தவர், பெற்ற இடம் ஆகியவற்றை ஒரு தடித்த கொப்பியில் அவர் எழுதட்டும், அக்கொப்பி நூலகத்தில் இருக்கட்டும். பழைய மாணவர் சங்கம் துடுப்பாட்டத்துக்குச் செலவிடுவதில் ஒரு சிறு பங்கு இதற்குப் போதும். மெய்ப்புப் பார்க்கும் வேலையை ஒவ்வொரு தவணையும் நான் இலவசமாகச் செய்து தருகிறேன். எழுத்துரு மாற்றுவதையும் பெயர்களைப் பதிவேட்டோடு ஒப்புநோக்குவதையும் நான்கைந்து மாணவர்களுக்குக் கற்றுக்கொடுக்கவும் ஆயத்தமாக இருக்கிறேன். சனிக்கிழமை காலைகள் எனக்கு ஓய்வு.

வில்லுப்பாட்டுக் குழுவின் ஏழு மாணவர்களுடைய பெயர்களையும், ஆசிரியையின் பெயரையும், முதலெழுத்துகள் பிழையின்றி ஒரு தாளில் எழுதிக் கல்லூரி அலுவலகத்தில் ஒப்படைத்திருக்கிறேன். அடுத்த மடலில் அவற்றை வெளியிடுங்கள். என் தாயார் காத்திருக்கிறார்.

இங்ஙனம்,
பழைய மாணவனும் தந்தையுமான ஒருவன்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.