முதலில் அதைப் படிடா

அன்புள்ள கண்ணா,

நேற்று ராத்திரி நீ கூப்பிட்டபோது அரைத்தூக்கத்தில் இருந்தேன். சொல்ல வேண்டியதில் பாதியைத்தான் சொன்னேன். மீதியை எழுதிவிடுகிறேன். பேச்சில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று தாண்டிப் போய்விடுவாய்.

"லேப்டாப் போயிடுச்சும்மா" என்று ஆரம்பித்தாய். இருபத்தாறு வருடமாக சாஃப்ட்வேர் எழுதுகிறேன். "போயிடுச்சு" என்று எத்தனை பேர் வந்து நின்றிருப்பார்கள் என்று கணக்கே இல்லை. என்ன போனது? ஆன் ஆகவில்லையா, ஆன் ஆகி நின்றுவிட்டதா? கேட்டுக் கேட்டுப் பிடுங்கிய பிறகுதான் விஷயம் வந்தது: எந்த வெப்சைட்டும் திறக்கவில்லை. அவ்வளவுதான். அதற்குள் நீ ரவுட்டரை நான்கு தடவை அணைத்துப் போட்டாயிற்று, பிரவுசரை இரண்டு தடவை நீக்கி மறுபடி ஏற்றியாயிற்று, "ஃபார்மேட் பண்ணிடட்டுமா?" என்கிற இடத்துக்கு வந்துவிட்டாய்.

திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். "ஏதோ எரர்ம்மா." அந்த 'ஏதோ'வைப் படிடா என்றேன். படித்தாய். உன் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது என்று பிரவுசர் பச்சையாகச் சொல்லியிருந்தது. இரண்டு மணி நேரமாக உன் முகத்துக்கு நேரே!

நேரத்தைத் திருத்தியதும் எல்லாம் திறந்துகொண்டது. ஏன் என்று நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். https என்று முகவரி தொடங்கும் ஒவ்வொரு வெப்சைட்டும் ஒரு சான்றிதழைக் காட்டித்தான் உள்ளே விடுகிறது. அதில் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை செல்லும் என்று இருக்கும். உன் லேப்டாப் ஏதோ ஒரு பழைய வருடத்தில் உட்கார்ந்துகொண்டு பார்த்தால், எல்லாச் சான்றிதழும் இன்னும் பிறக்கவே இல்லை. நம்ப மறுத்ததில் பிரவுசர்மேல் தப்பே கிடையாது.

கடிகாரம் பின்னால் போனதற்குக் காரணம், உள்ளே சட்டைப் பொத்தான் அளவில் இருக்கும் சின்ன பேட்டரி. மெயின் பேட்டரி முழுசாக இறங்கினாலும் நேரத்தை மறக்காமல் வைத்திருப்பது அதுதான். என்னிடமிருந்து உனக்கு வந்த பழைய லேப்டாப் ஆயிற்றே, அது செத்திருக்கும். பெரும்பாலும் சிஆர்2032 என்று இருக்கும். அந்த எண் அதன் அளவுதான்: 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். சில லேப்டாப்பில் வயர் வைத்துக் கட்டியிருப்பார்கள், அதனால் திறந்து பார்க்காமல் வாங்கிவிடாதே.

இன்னொன்று. நீ என்னோடு பேசிக்கொண்டிருந்ததே வாட்ஸ்அப்பில், அதே வைஃபையில். அப்படியென்றால் ரவுட்டர்மேல் வழக்கே இல்லை. அதைப் போய் நான்கு தடவை தண்டித்திருக்கிறாய். எங்கள் வேலையில் ஆயிரம் மாற்றங்களில் ஏதோ ஒன்று புரோகிராமைக் கெடுத்துவிட்டால் ஆயிரத்தையும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டோம். நடுவில் வெட்டுவோம், கெட்ட பாதியை மட்டும் மறுபடி வெட்டுவோம். பத்துத் தடவைக்குள் ஆள் சிக்கிவிடும். புரோகிராமில் செய்த மாற்றங்களையெல்லாம் பதிந்து வைக்கும் 'கிட்' என்ற சாஃப்ட்வேரில் இதற்கென்றே பைசெக்ட் என்று ஒரு கமாண்ட் உண்டு. வீட்டிலும் அதே வித்தைதான். வெப்சைட் போனில் வருகிறதா? வந்தால் கோளாறு லேப்டாப்பில். இன்னொரு பிரவுசரில் வருகிறதா? இன்காக்னிட்டோவில், அதாவது பழைய பதிவு எதையும் எடுத்துக்கொள்ளாத தனி ஜன்னலில், மட்டும் வருகிறதா? அப்படியானால் பிரவுசரில் ஒட்டவைத்த ஏதோ எக்ஸ்டென்ஷனோ, வெப்சைட் விட்டுவைத்த பழைய குறிப்பான குக்கியோதான் படுத்துகிறது. நெட்வொர்க்கில் லேப்டாப்பின் அடையாள எண்ணான ஐபி முகவரி 169.254 என்று தொடங்குகிறதா? ரவுட்டர் முகவரியே தரவில்லை, லேப்டாப் தனக்குத்தானே ஒன்றைப் போட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. நான்கை மாற்றி சரியாகிவிட்டால், எதனால் சரியானது என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அடுத்த மாதம் நடுராத்திரியில் மறுபடி கூப்பிடுவாய்.

"தினமும் ஷட் டவுன் பண்றேனே, அப்புறம் எதுக்கு ரீஸ்டார்ட்?" என்று சலித்துக்கொண்டாய். இரண்டும் ஒன்றில்லை. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று இருக்கிறது. அது ஆனில் இருந்தால், ஷட் டவுன் கொடுக்கும்போது விண்டோஸ் தன் மையப் பகுதியை அப்படியே டிஸ்கில் எழுதி வைத்துக்கொண்டு, அடுத்த நாள் அதையே எடுத்துப் போட்டுக்கொள்ளும். நேற்றைய குழப்பமும் கூடவே எழுந்து வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் முதலிலிருந்து தொடங்கும். எனக்கே இது புரிய ரொம்ப நாளாயிற்று.

நான் செய்த மடத்தனத்தையும் எழுதிவிடுகிறேன், அப்பாவுக்கு இன்னும் முழுக்கதை தெரியாது. உன் சின்ன வயது வீடியோக்களைப் பழைய கேமராவிலிருந்து போனுக்கு மாற்றிவிட்டு கேமரா கார்டை அழித்தேன். போன் நிறைந்தது. கிளவுடில்தான் இருக்கிறதே என்று போனிலும் அழித்தேன். அது பேக்கப் இல்லை, சிங்க். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைத்தொட்டியில் சில வாரம் கிடந்திருக்கும், நான் தேடிப் போனபோது அதுவும் காலி. மற்றவர்களுக்கு டேட்டாபேஸ் பேக்கப் எழுதிக் கொடுத்தவள் நான்! நீ முதல் நாள் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று தூணைக் கட்டிக்கொண்டு அழுதது அதில்தான் இருந்தது.

அதனால் மூன்று பிரதி வை. இரண்டு வேறு வேறு சாதனத்தில், ஒன்று வேறு இடத்தில். ஹார்ட் டிஸ்கை எப்போதும் செருகியே வைக்காதே, வைரஸ் வந்தால் அதையும் சேர்த்துத் தின்னும். அவ்வப்போது அதிலிருந்து ஒரு ஃபைலையாவது திறந்து பார். பாஸ்வேர்டுக்கு மேல் இரண்டாவது சோதனை கேட்கும் டூ ஃபேக்டருக்கு, போன் கையில் இல்லாதபோது உதவும் பேக்கப் கோடுகளைப் பேப்பரில் எழுதி பீரோவில் போடு. போனிலேயே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தால், போன் தொலைகிற அன்று அதுவும் கூடவே போகும்.

டச்பேட் மேலே புடைத்துக்கொண்டு வந்தால் மட்டும் எதையும் ஆராயாதே. அடியில் பேட்டரி உப்புகிறது. அணைத்துவிடு, சார்ஜரைக் கழற்று, அழுத்தாதே, குத்தாதே, சர்வீஸ் சென்டரில் கொடு.

இனி கூப்பிடும் முன் மூன்று வரி அனுப்பு: என்ன செய்தாய், என்ன நடக்கும் என்று நினைத்தாய், திரையில் என்ன வந்தது. மூன்றாவது வரி எழுதும்போதே பல தடவை உனக்கே விடை தெரிந்துவிடும். தெரிந்தாலும் கூப்பிடு.

இதை டைப் செய்துகொண்டிருக்கும்போதே என் போனில் ஸ்டோரேஜ் தீர்ந்துவிட்டது என்று ஒரு எச்சரிக்கை மூன்று முறை வந்துவிட்டது. மூன்று முறையும் படிக்காமல் மூடிவிட்டேன்.

அம்மா