தண்ணீர்க் கணக்கு ஆலைவாரியாக வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன் நான். கையில் சில நிறுவனங்களின் பங்குகள் இருப்பதால் அவற்றின் ஆண்டறிக்கைகள் தவறாமல் வந்துவிடுகின்றன. முன்பெல்லாம் ஈவுத்தொகை எவ்வளவு என்று பார்த்ததோடு மூடிவைத்துவிடுவேன். இப்போது வணிகப் பொறுப்பு, நிலைத்தன்மை குறித்த பகுதியையும் விடாமல் படிக்கிறேன். சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் இருக்கும் நிறுவனங்களுக்கு இவ்வறிக்கையை 2022-23 நிதியாண்டு முதல் பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபி கட்டாயமாக்கியது நல்ல காரியம். மின்சாரம், கழிவு, தொழிலாளர் விபத்து என்று முன்பு எளிதில் கிடைக்காத விவரங்கள் இன்று அதில் இருக்கின்றன.

என் குறை தண்ணீரைப் பற்றியது. நிலத்தடி நீர் இத்தனை கிலோலிட்டர், ஆற்று நீர் இத்தனை கிலோலிட்டர் என்று எழுதுகிறார்கள். ஆனால் அது எல்லா ஆலைகளுக்கும் சேர்த்துப் போட்ட ஒரே கூட்டுத்தொகை. வற்றாத ஆற்றங்கரையில் இருக்கும் ஆலையும், குடிநீர் லாரிக்குக் குடத்தோடு காத்திருக்கும் ஊரில் ஆழ்துளைக் கிணறு போட்ட ஆலையும் அதில் ஒன்றாகிவிடுகின்றன. நான் பங்கு வைத்திருக்கும் ஒரு நிறுவனம், எடுத்த தண்ணீர் முந்தைய ஆண்டைவிடக் கூடியிருந்தும், ஒரு ரூபாய் விற்றுமுதலுக்கான தண்ணீர் குறைந்துவிட்டது என்று தன்னைத்தானே பாராட்டிக்கொண்டிருக்கிறது. சரக்கின் விலையை ஏற்றினாலே இந்த விகிதம் இறங்கிவிடும் என்பது கணக்குப் படித்த யாருக்கும் தெரியும்.

தண்ணீர்த் தட்டுப்பாடுள்ள பகுதிகளில் ஒவ்வொரு ஆலையும் எவ்வளவு எடுக்கிறது என்ற கேள்வி செபியின் படிவத்திலேயே இருக்கிறது. ஆனால் அது விருப்பமிருந்தால் பதில் சொல்லலாம் என்ற பிரிவில் வைக்கப்பட்டிருக்கிறது. தமிழகத்தில் நிலத்தடி நீர் பிர்க்கா (வட்டத்தின் உட்பிரிவான குறுவட்டம்) அளவில் மதிப்பிடப்பட்டு, அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்டவை எவை என்று அரசே வகைப்படுத்துகிறது. ஆலைவாரிக் கணக்கும் கிடைத்தால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, புதிய தொழிற்பேட்டையை எங்கே அமைக்கலாம், எங்கே கூடாது என்று முடிவெடுக்க முடியும். நாட்டின் வளர்ச்சிக்கு இவ்வறிக்கைகள் பயன்படுவது அப்போதுதான்.

ஆகவே அந்தக் கேள்வியைச் செபி கட்டாயப் பிரிவுக்கு மாற்ற வேண்டும். ஆலை இருக்கும் ஊராட்சியின் அறிவிப்புப் பலகையில், அந்த ஆலைக்குரிய விடையை மட்டுமாவது தமிழில் ஒட்டவும் உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திண்டுக்கல்